அம்மாவின் கிரியாட்டினின்

அம்மா ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்தாள். ஓர் அறைக்கு மற்றவர்கள் நாற்பது நிமிடம் எடுப்பார்கள். அம்மாவுக்கு இருபத்திரண்டே போதும். மேற்பார்வையாளர் நம்பவில்லை. "கட்டிலுக்கு அடியில படுத்துப் பாருங்க சார். தூக்கம் வந்தா எழுப்ப மாட்டேன்" என்றாளாம். குனிந்து பார்த்தவர் ஒரு தூசியும் காணாமல் அன்றைக்கே அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்தார். வீட்டிலும் அப்படித்தான். நான் பாதி குடித்து வைத்த காபியைக் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள்.

ஐம்பத்தாறு வயதில், விடுதியின் பின்படிக்கட்டில் துணி மூட்டையோடு வழுக்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக் குழாய் போட்டார்கள். ஐந்தாம் நாள் நுரையீரலில் தொற்று. சரியான மருந்தைத்தான் ஏற்றினார்கள். மூன்று நாளாகியும் காய்ச்சல் அசையவில்லை. இப்படியே போனால் பிழைப்பது கஷ்டம் என்றார் மருத்துவர்.

அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. அம்மாவின் ரத்தம் என் மேசைக்கே வந்தது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. அது ஏறினால் வார்டுக்கு போன் செய்வோம். இறங்கினால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். அம்மாவுக்கு 0.4, வழக்கமான அளவுக்கும் கீழே. சிறுநீரகமாவது நன்றாக இருக்கிறதே என்று மூன்று நாளும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

மருந்து தொடங்கிய நான்காம் நாள் செவிலியர் அலுத்துக்கொண்டார்: "உங்கம்மாவுக்கு யூரின் பை மாத்தியே என் இடுப்பு ஒடியுது."

அப்போதுதான் உறைத்தது. மூளையில் அடிபட்ட சிலருக்குச் சிறுநீரகம் அளவுக்கு மீறி வேலை செய்யும்; கழிவோடு மருந்தையும் அள்ளிக் கொட்டிவிடும். எட்டு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்தேன். நிமிடத்துக்கு நூறு மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்தால் போதும். அம்மாவுடையது நூற்றுத் தொண்ணூறு செய்துகொண்டிருந்தது. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டி, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற்றச் சொன்னார். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

குழாயை எடுத்த பிறகு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மகிழ்ந்துபோனாள். "சும்மா இருன்னா அதுக்கு இருக்கத் தெரியுமா? யாரோட கிட்னி?"

என் மூன்று கையெழுத்துகளையும் சொன்னேன்.

"நீ என்னைக்குடி எதையும் சீக்கிரமா செஞ்சிருக்கே?" என்று சிரித்தாள்.

பதினொரு நாள் பேசினாள். தொற்று திரும்பி வந்தபோது, ஏற்கெனவே நைந்திருந்த நுரையீரல் தாங்கவில்லை.

மூன்று நாள் முன்னால் கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று மருத்துவரிடம் கேட்டேன். தெரியாதம்மா என்றார். எனக்கும் தெரியவில்லை. அதை அளக்க வழியில்லை.