குச்சிக்கு வைத்த குங்குமம்

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது தில்லை நகரில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு சனிக்கிழமை வகுப்பு நடந்தது. தண்ணீரை வீணாக்காமல் இருப்பதையும் கணினியில் நிரல் எழுதுவதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே நானே ஒரு கருவி செய்தேன். மண்ணில் நடும் குச்சி, அதன் தலையில் ஒரு சின்னப் பெட்டி. மண் காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று அப்பாவின் ஃபோனுக்குச் சேதி அனுப்பும்.

ஜீயபுரத்தில் எங்கள் வாழைக்கொல்லையில் கரண்டு வந்தால் மோட்டார் ஓடும். தண்ணீர் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. அப்பா முதலில் சிரித்தார். குச்சி சொன்னது தொடர்ந்து சரியாக இருக்கவே, அதைக் கேட்டுத் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்த பிறகு ஃபோன் ஈரம், ஈரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. மோட்டார் போட வேண்டாம் என்று நான்தான் அதிகாரமாகச் சொன்னேன். நெல் நடவில் மும்முரமாக இருந்த அப்பா சரியென்று விட்டுவிட்டார். அவர் கொல்லைப் பக்கம் போனபோது, புதிதாக நட்ட கன்றுகள் வாடித் தொங்கின.

"ஃபோனை நம்பிக் கன்னுகளக் காயப்போட்டுட்டேன். இனிமே அந்தக் கிளாஸ் வேணாம்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஓடிப்போய்க் குச்சியைப் பிடுங்கினேன். பெட்டியின் மேல் சந்தனம், குங்குமம். திறந்தால் உள்ளே தண்ணீர்.

அம்மாவின் வேலை. பூஜைக்கு மண்வெட்டி, அரிவாளோடு இதையும் பிடுங்கி வந்து, தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து, மறுநாள் பழைய இடத்திலேயே நட்டிருக்கிறாள். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அம்மா நேராக அப்பாவிடம் போனாள்.

"கழுவுனது நான். அவ என்ன பண்ணுவா? சனிக்கிழமை நானே பஸ் ஏத்தி விடுறேன்."

தண்ணீர் பாய்ந்ததும் கன்றுகள் பிழைத்தன. வகுப்பும் பிழைத்தது. ஆனாலும் அம்மா மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. பேட்டரியில் ஓடுவதைக் கழுவக் கூடாது என்பதுகூடத் தெரியாதா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் வச்சுக் கும்புட்டுட்டு, இத மட்டும் எப்படிடி விடுறது?" என்றாள். வகுப்புத் தோழிகளுக்கு அது ஒரு வாரச் சிரிப்பு.

இப்போது அதுமாதிரிக் கருவிகளுக்கு நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு அப்பா என் கருவியைச் சோதித்துப் பார்த்தார், டீச்சர்கள் கைதட்டினார்கள். நம் வீட்டு விவசாயச் சாமான் இது என்று மண்வெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது அம்மா ஒருத்திதான். அந்த வயதில் எனக்கு அது வெறும் அசட்டுத்தனமாகத்தான் தெரிந்தது.