இரண்டாவது பியானோ

எங்கள் வீட்டில் அக்காவுக்கு ‘வாத்தியக் குழு’ என்று பட்டப்பெயர். மாமா, அதாவது அவள் கணவர், மேடையில் பியானோ வாசிப்பவர். கான்செர்ட்டோ என்றால் அவருடைய பியானோவோடு ஒரு பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்க வேண்டும். வீட்டில் பழக அத்தனை பேருக்கு எங்கே போவது? அதனால் அக்கா இரண்டாவது பியானோவில் உட்கார்ந்து, வயலின், குழல், முரசு எல்லார் பங்கையும் பத்து விரலால் வாசிப்பாள். இரண்டு பியானோவும் கூடத்தை அடைத்துக்கொண்டதால் சாப்பாட்டு மேசை படுக்கையறையில் கிடந்தது. கேட்டால், “தூக்கத்துல பசிச்சா வசதிதானே” என்பாள். அவள் மட்டும் ஒரு நாளும் மேடை ஏறியதில்லை. மாடியில் குடியிருந்த எனக்குத்தான் அதில் ஆத்திரம்.

ஒரே இசையமைப்பாளரின் ஐந்து கான்செர்ட்டோக்களையும் மாதத்துக்கு ஒன்றாக வாசிக்கும் வாய்ப்பு மாமாவுக்குத் தலை நரைத்த பிறகே வந்தது. அதே சமயம் பார்த்து அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. நரம்பு நோய், இனி கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னபோது நான் உடனிருந்தேன்.

“அவருகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா வேற ஆளை வெச்சுப்பாரு.”

“வெச்சுக்கட்டுமே. உனக்கென்ன?”

“எனக்கு அது ஒண்ணுதானேடி இருக்கு.”

மாமாவிடம் நான் சொல்லவில்லை.

மூன்று கச்சேரிகள் நன்றாகவே நடந்தன. நான்காவதில், வேகமான ஓரிடத்தில் மாமா தயங்கினார். குழு முந்திக்கொண்டு ஓடியது. குழுவை நடத்துபவர் திரும்பி முறைத்தார். சற்றுப் பொறுத்து இன்னோர் இடத்திலும் அதே தயக்கம்.

“என்னக்கா, மாமா சொதப்புறாரு?” என்று கிசுகிசுத்தேன்.

அக்காவின் முகம் வெளுத்திருந்தது. “சொதப்பலைடி. அந்த ரெண்டு இடத்துலதான் எனக்கு விரல் ஓடாது. வீட்டுல எனக்காக நின்னு நின்னு வாசிச்சிருக்காரு. அதுவே பழகிடுச்சு. அவருக்கு எல்லாம் தெரியும்.”

அன்றுதான் மாமாவை எனக்கு முதன்முதலாகப் பிடித்தது.

மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள். காபியோடு அதைப் படித்த அக்கா, “அஞ்சாவதுக்குப் பழக, மியூசிக் காலேஜ்ல பியானோ படிக்கிற பொண்ணு யாரையாவது கூப்பிடுங்க” என்றாள்.

“எதுக்கு? நாமளே வாசிப்போம்.”

“நீங்க எனக்காக நிப்பீங்க. அங்க உங்களுக்காக யாரு நிப்பாங்க?”

மாமா அவள் கையை எடுத்து விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அப்படி வந்த காலேஜ் பெண் மாமாவோடு பழகும்போதெல்லாம் அக்கா மாடிக்கு வந்து, என் டிவியை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எந்த நிகழ்ச்சி என்றுகூடப் பார்க்க மாட்டாள்.

ஐந்தாவது கச்சேரி முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அக்கா மட்டும் எழவில்லை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஏன்க்கா? நல்லாத்தானே வாசிச்சாரு?”

“ரொம்ப நல்லா வாசிச்சாரு” என்றாள். “எங்கயுமே நிக்கலை.”