ஞாயிற்றுக்கிழமை எங்கே சாப்பிட்டீர்கள்?

திருவாதவூருக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில் காலரா வந்தபோது, அங்கே வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் செவிலியர். மதுரை தல்லாகுளத்திலிருந்து காலை பஸ்ஸில் போவேன். நோய் கண்டவர்கள் கடந்த ஐந்து நாட்களில் எங்கே சாப்பிட்டார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்று கேட்க வேண்டும். கேள்விகள் சுலபமானவை என்றுதான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலனியில் ஒரு வீட்டில் எட்டு வயதுப் பெண்ணும் அவளுடைய அத்தையும் நோயில் விழுந்தார்கள். வியாழக்கிழமை மேலத்தெருவில் ஒரு விவசாயியின் மனைவி. இரண்டு தெருவுக்கும் குழாய் வேறு, கடை வேறு. ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை. ஆனாலும் ஊருக்குச் சந்தேகமே இல்லை. காலனியிலிருந்துதான் நோய் வந்தது என்று முடிவுகட்டி, அவர்கள் பக்கத்துக் குழாய் வற்றினால் வந்து பிடிக்கும் பொதுக்குழாயில் இனி பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாற்று நடவுக்கும் அவர்களைக் கூப்பிடவில்லை.

மேலத்தெரு வீட்டில் நான் தப்புச் செய்தேன். கூடத்தில் அவருடைய அண்ணன், தம்பி, அண்ணிமார் எல்லோரும் சுற்றி நிற்க, அந்த விவசாயியிடம், "நீங்க வெளிய எங்கயாச்சும் சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"நான் வெளிய எங்க சாப்பிடுறேன்? வீட்லதான்," என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அண்ணன்காரர் சிரித்தார். நான் அதையே எழுதிக்கொண்டேன்.

காலனி வீட்டில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணின் அம்மா எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வேண்டாமென்று கை அசைத்ததும் முகம் மாறிவிட்டது. நோய்க் காலத்தில் எந்த வீட்டிலும் காய்ச்சாத தண்ணீர் குடிப்பதில்லை, மேலத்தெருவிலும் குடிக்கவில்லை என்று அவசரமாகச் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. "கடுங்காப்பி போடுங்க, குடிக்கிறேன்," என்றேன். அடுப்பு பற்றவைத்தாள். காப்பி கொதிக்கும் வரை நான் எதுவும் கேட்கவில்லை. குடித்து முடித்த பிறகு அவளாகவே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை கறி எடுத்தோம். மேலத்தெரு அண்ணன் வந்து சாப்பிட்டுப் போனாரு."

வாசலில் நின்ற அவள் கணவன் திடுக்கிட்டு உள்ளே வந்தான். அவனும் மனைவி படுத்துவிட்ட அந்த மேலத்தெரு விவசாயியும் வடக்கே போர்வெல் லாரியில் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்களாம். அங்கே ஒரே சட்டியில் சாப்பிட்ட பழக்கம். ஊருக்குத் திரும்பிய பிறகும் மாதம் ஒரு தடவை, வயலுக்குப் போவதுபோல அவர் பின்பக்கமாக வந்துபோவார்.

"யார்ட்டயும் சொல்லிப்புடாதீங்க நர்சம்மா," என்றான் அவன். "தெரிஞ்சா அவரு அந்த வீட்ல இருக்க முடியாது."

"நமக்கு மட்டும் இருக்க முடியுதாக்கும்?" என்றாள் அவள்.

மறுநாள் அந்த விவசாயியைப் பம்புசெட்டுக்கு அருகில் தனியாகப் பார்த்தேன். காலனியில் சாப்பிட்டது தெரியும் என்று சொல்லாமல், "இந்த ஒரு வாரத்துல எப்பவாச்சும் உங்களுக்கு வயிறு சரியில்லாம இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மதுரையில் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். சனிக்கிழமையிலிருந்து நாலைந்து தடவை போயிருக்கிறது. தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டில் சாப்பிட்டபோது, பானையில் தானே டம்ளரை விட்டு மொண்டு குடித்திருக்கிறார்.

நான் நாட்களை விரல்விட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நாந்தான் அந்தப் புள்ளைக்குக் குடுத்தேனா?"

"அப்படித்தான் இருக்கணும். ஆனா நீங்க தெரிஞ்சு செய்யலண்ணே."

தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். நான் பையிலிருந்த காலரா மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் கூச்சமாக இருந்தது.

ஊர்த் தலைவரிடம் போய், நோய் காலனியிலிருந்து வரவில்லை, குழாயைத் திறந்துவிடுங்கள் என்றேன். "பெறகு எங்கேருந்து வந்துச்சு? அதைச் சொல்லுங்க மொதல்ல," என்றார். வாய்வரை வந்தது. ஒருவரிடம் கேட்டதை வேறு எவரிடமும் சொல்லக்கூடாது என்பது என் வேலையின் முதல் விதி. அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். தங்கள் குழாய் வற்றிப்போனதால் காலனிப் பெண்கள் குடத்தோடு கண்மாய்ப் பக்கம் நடந்துபோவதை ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் நோய் இன்னும் பரவலாம் என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே குளோரின் மாத்திரையோடு ஆள் அனுப்பச் சொல்லி எங்கள் டாக்டரிடம் கெஞ்சினேன். அனுப்பினார்கள்.

மறுபடியும் பம்புசெட்டுக்குப் போனேன். "அங்க சாப்பிட்டதைச் சொல்ல வேணாம். மதுரையில சாப்பிட்டு வந்து உங்களுக்குத்தான் முதல்ல நோய் வந்துச்சுங்கிறதை மட்டும் சொன்னாப் போதும். அது உண்மைதானே?" என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். நான்கு நாள் கழித்து டீக்கடையில் நாலு பேர் நடுவில் அப்படியே சொன்னாராம். மதுரைச் சாப்பாடு என்றதும் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. தெரு தாண்டி எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரும் பதில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். குழாய் திறந்தது. நடவுக்கு மட்டும் அந்த வருடம் வெளியூர் ஆட்கள்தான் வந்தார்கள்.

நோய்வாய்ப்பட்டவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். கடைசியாக நான் காலனிக்குப் போனபோது அந்தப் பெண் மெலிந்துபோயிருந்தாள், ஆனால் விளையாடிக்கொண்டிருந்தாள். "அண்ணன் வந்தாரா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

"வந்தாரு. புள்ளையப் பாக்கணும்னாரு. வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டேன்."

"இனி பயமில்லம்மா. நோய் போயிருச்சு."

"நோய்க்கு யாரு பயந்தா? எம்புட்டு நாள் பின்வாசல் வழியா வந்தாரு. இனிமே வந்தா முன்வாசல் வழியா வரச் சொன்னேன். சரின்னுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் வரல."

அவள் கணவன் எங்கோ பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தான். கணவன் மனைவி இருவரில் யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. குளோரின் மாத்திரை அட்டையில் மீதி இருந்ததைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.