காயத்ரியின் ஸ்டேஷன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் வெஸ்ட் வின்ட்சரில் மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே ஐஸாக உறைந்துவிடுகிற மழை. மரம், ரோடு, கரன்ட் கம்பி – எல்லாவற்றுக்கும் கண்ணாடிப் பூச்சு. பார்க்க அழகுதான்... வீட்டு மனிதர்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தால்.

என் மகள் காயத்ரி வெளியே போயிருந்தாள். ஹைஸ்கூலில் கடைசி வருஷம். காலையில் வானம் தெளிவாக இருந்தபோது சிநேகிதி லிஸா காரோடு வந்தாள். நியூ பிரன்ஸ்விக்கில் பழைய ரெக்கார்டு விற்கிற கடைக்குப் போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னாள் காயத்ரி. இங்கிலீஷில்தான். தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தமிழில் வராது.

சாயங்காலம் கரன்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கொல்லையில் ஒரு கிளை முறிந்து டெலிபோன் ஒயர் மேல் விழுந்தது. ரிசீவரை எடுத்தால் சத்தமே இல்லை.

என் கணவர் கோட்டை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினார். அது தெருவைத் தொடுவதற்குள் தானாகவே வழுக்கி, மெயில் பாக்ஸில் முட்டி நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"நடக்கக்கூட முடியல, வசந்தா. பேட்டரி ரேடியோ ஏதாவது இருக்கா? நியூஸாவது கேக்கலாம்."

இருந்தது. காயத்ரியின் ரூமில்.

நம் ஊரில் ரேடியோ என்றால் சர்க்கார் ரேடியோ. இங்கே அப்படியில்லை. காயத்ரி கேட்கிற ஸ்டேஷனைச் சில இளைஞர்கள் சொந்தமாக நடத்துகிறார்கள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் சின்னச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சி. ஆல்டர்நேட்டிவ் ராக்காம். பெரிய ஸ்டேஷன்கள் சீண்டாத பாட்டுகள். என் காதுக்கு மிக்ஸிக்குள் ஸ்பூன் விழுந்த மாதிரி இருக்கும். "சவுண்டைக் குறைடீ" என்பதுதான் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

ஆன் பண்ணியதும் அதே கிடார், அதே அலறல். கணவர் குமிழைத் திருப்பப் போனார்.

"மாத்தாதீங்க," என்றேன்.

"விளையாடறியா? நியூஸ் ஸ்டேஷன்ல ஆக்சிடென்ட் எல்லாம் சொல்லுவான்."

"அதைக் கேட்டு என்ன பண்ணப் போறோம்? நம்ம போன் வேலை செய்யலன்னா அவ வேற யாரைக் கூப்பிடுவா? பாட்டு போடச் சொல்லித் தினம் இவங்களுக்குத்தானே போன் பண்றா. நம்பர் மனப்பாடம்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தோம். பாட்டுக்கு நடுவே, ஜலதோஷம் பிடித்த குரலில் ஒரு பையன், யார் யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். போன் பண்ணியவர்களின் சேதிகள். ஒவ்வொரு பேர் வரும்போதும் ரேடியோப் பக்கம் குனிந்தேன். வெளியே இருட்டிவிட்டது. எங்கள் பேர் வரவில்லை. "அடுத்த பாட்டுக்கு அப்புறம் மாத்திடலாம்," என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

அந்தப் பாட்டு முடிந்தது.

"இது வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு," என்றான் அந்தப் பையன். "உங்கள் மகள் கே-யாட்-ரீ... தப்பாகச் சொன்னால் மன்னியுங்கள். கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ரெண்டு பேரும் ஹைவே பக்கத்தில் ஒரு சர்ச்சில் இருக்கிறார்கள். அப்பா டிரைவ் பண்ணி வர வேண்டாமாம். கடைசியாக ஒரு வார்த்தை... இது என்னவென்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியுமாம்."

பேப்பர் சரசரத்தது.

"சாப்... டாச்... சூ."

என் கணவர் அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தொட்டால் சிரிக்கிறார். நான்தான் அழுதேன். அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் பசி தெரிந்தது. கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து உப்புமா கிண்டினேன்.

மறுநாள் சர்ச் வேனில் வந்து இறங்கினாள். கட்டிப்பிடித்துவிட்டுக் கேட்டேன்: "ஏண்டீ, அவ்வளவு நடுவுல அந்த வார்த்தை?"

"'ஐயாம் சேஃப்'னா யூ வோன்ட் பிலீவ் மீ, அம்மா."

நிஜம்தான். ஆபத்தில்லை என்று போலீஸே வந்து சொல்லியிருந்தாலும் நான், "எதையோ மறைக்கிறாங்க," என்றிருப்பேன்.

அந்தப் பையனுக்கு எப்படி நன்றி சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே வழி – ஒரு டின் நிறைய முறுக்கு பிழிந்து காயத்ரியிடம் கொடுத்தனுப்பினேன். அன்று சாயங்காலம் அவன் டின்னைத் திறந்து, மைக்குக்கு நேராக ஒன்றைக் கடித்தான். கடக், முடக்... எத்தனையோ ஊர்களில் கேட்டிருக்கும்.

"கங்கிராட்ஸ், அம்மா," என்றாள் என் மகள். "இன்னிக்கு அவன் பிளே பண்ணதுலயே அதான் பெஸ்ட் டிரம்ஸ்."