ராட்டினத்துக்கு வைத்த பொட்டு

அந்த நாட்களில் மாமா ஓரிடத்தில் இருந்து தேநீர் குடித்ததை நான் கண்டதில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு யன்னலடிக்குப் போவார். அங்கிருந்து அம்மா சமைக்கும் குசினிக்கு வருவார். பிறகு வாசலுக்குப் போய், சப்பாத்து வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். அம்மா இருந்து குடிக்கச் சொல்லும்போது கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். பனிக்காலம் முழுவதும் எங்கள் வீட்டுச் சோபாவில்தான் படுத்தார். ஆனாலும் பயணப்பையை ஒருநாளும் வெறுமையாக்கியதில்லை. சேர்ட் வேண்டுமென்றால் பைக்குள் கையை விட்டு, அகப்பட்டதை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அவர் அம்மாவின் தம்பி. அவருக்குத் திவோலியில் வேலை. கோடையில் ஊர் ஊராகப் போய், வாகனத் தரிப்பிடங்களில் ராட்டினமும் விளையாட்டுக் கடைகளும் போட்டு, சில நாட்களில் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற கூட்டத்தை நோர்வேயில் அப்படிச் சொல்வார்கள். சங்கிலிகளில் ஆட்கள் ஏறியிருக்கும் கதிரைகள் தொங்கும் பெரிய ராட்டினம் மாமாவின் பொறுப்பு. லொறியிலிருந்து இறக்கிப் பொருத்திப் பூட்டுவதும், கிறீஸ் பூசுவதும், ஏறியவர்களின் இடுப்புச் சங்கிலியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பதும், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ஓட்டுவதும் அவர்தான். ஓட்டும்போது மேலே பார்க்கமாட்டார். சத்தத்தை வைத்தே யார் அழப்போகிறது, யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுக்கப்போகிறது என்று தெரியும் என்பார். முதலாளியின் ராட்டினத்தை அவர் 'என்ரை ராட்டினம்' என்றே சொல்வார். நானும் அதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்து வைத்திருந்தேன்.

அவர் அதில் சேர்ந்த விதம் எங்கள் வீட்டில் அடிக்கடி கதைக்கப்படாத கதை. அகதியாக வந்தவரை வடக்கே ஹம்மர்பெஸ்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் ஒரே இடத்தில் நின்று மீன் வெட்டினார். ஒரு கோடையில் திவோலி வந்தது. கடைசி நாள் ராட்டினத்தைக் கழற்றும்போது, பார்த்துக்கொண்டு நின்றவர் ஒரு சங்கிலியைப் பிடித்துக் கொடுக்கப் போனார். அப்படியே லொறியில் ஏறிப் போய்விட்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தபோது, ஆள் இல்லை என்று மட்டும் சொன்னார்களாம். இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவர் எங்கள் வாசலில் பையோடு வந்து நிற்கும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பா சொல்வார். ஆட்கள் காணாமற்போவது என்றால் என்னவென்று அம்மா யுத்த நாட்களில் ஊரிலேயே பார்த்திருந்தார். கூடப் பிறந்தவர்களில் அவருக்கு மிஞ்சியது மாமா ஒருவர்தான்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் அம்மா முடிவெடுத்துவிட்டார். அப்பா சமையல் வேலை செய்த முதியோர் இல்லத்தில் மாமாவுக்கும் ஒரு வேலை கேட்டு எடுத்தார். மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தொடங்க வேண்டும். அதற்கு முந்தின வெள்ளி, சனி, ஞாயிறில் திவோலி எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் நடக்கவிருந்தது. ஞாயிறு மாலை அது கழன்று திராமன் என்ற ஊருக்குப் போகும். பிறகு மேற்கு, பிறகு வடக்கு, இலை உதிரும்வரை திரும்பாது. மாமா அதோடு போவாரா, திங்கட்கிழமை வேலைக்குப் போவாரா என்பதுதான் வீட்டில் கேள்வி. கேட்டால், "பாப்பம் அக்கா" என்பார். சொல்லும்போதே கால் ஆடிக்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில் ஒருநாள் சாப்பிடும்போது மாமா எனக்குச் சிவப்புச் சோக்கைப் பற்றிச் சொன்னார். திவோலியில் மூத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். நோர்வேயின் வடக்கத்திக் கிழவர். மாமாவின் நோர்வேஜிய மொழியும் வடக்கத்திப் பேச்சாக இருந்ததால் அவருக்கு மாமாவில் பட்சம். காதில், கரும்பலகையில் எழுதும் சிவப்புச் சோக்குத் துண்டைச் செருகிக்கொண்டு ராட்டினத்தைச் சுற்றி வருவாராம். ஒரு போல்டில் சந்தேகம் வந்தால் அதில் சிவப்புப் புள்ளி வைப்பாராம். புள்ளி இருக்கும்வரை ஒருவரும் சுவிட்சில் கைவைக்கக் கூடாது. அதை இறுக்கிப் பார்த்தபின், வைத்தவரே வந்து தன் கையால் அழிக்க வேண்டும். வேறு ஆள் அழிக்கக் கூடாது. மாமா சம்பலைத் தொட்டுச் சாப்பாட்டுக் கோப்பை விளிம்பில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினார். நான் எல்லாவற்றையும் நக்கி அழித்தேன். அம்மா அடுப்படியில் நின்று எங்களுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

திவோலி வந்து பூட்டத் தொடங்கிய வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடினேன். மாமா உச்சியில் ஒரு காலைக் கம்பியில் கொளுவிக்கொண்டு கதிரைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் ஓரிடத்தில் நிற்காத மனிதர் அங்கே அவ்வளவு அமைதியாக இருந்தார். சற்று நேரத்தில் அம்மா வந்தார். பட்டுச் சேலை, மேலே குளிர்ச் சட்டை, கையில் தாம்பாளம். குறொன்லாண்டில் எங்கள் சாமான் விற்கும் கடையில் வாங்கிய எலுமிச்சங்காய், சந்தனம், குங்குமம், கற்பூரம். புதுக் கார் வாங்கினால் எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் அம்மா ராட்டினத்துக்குச் செய்யப்போனார். கடைசி முறையாக ஓட்டப்போகிறான், நல்லபடியாக முடியட்டும் என்று முதலாளியிடம் தனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் சொன்னார். முதலாளி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா கற்பூரம் காட்டினார். ராட்டினத்தை ஏற்றிவந்த லொறியின் சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சங்காய் வைத்தார். பிறகு குனிந்து, ராட்டினத்தின் அடியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பெரிய போல்டின் தலையிலும் முதலில் சந்தனமும் மேலே குங்குமமும் வைத்தார். அவசரப்படவில்லை. ஒன்றையும் விடவில்லை.

"மாலையும் போடுங்கோ அக்கா, பொம்பிளையும் பாருங்கோ அதுக்கு," என்று மாமா மேலேயிருந்து சொன்னார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் போனபோது மற்ற எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. மாமாவின் ராட்டினம் மட்டும் நின்றது. அதற்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று கத்தினார்கள். காலையில் கிழவர் சுற்றி வந்தபோது எல்லாப் போல்டுகளிலும் சிவப்பைக் கண்டிருக்கிறார். மாமா விளங்கப்படுத்தியிருக்கிறார். கிழவர் கேட்டுவிட்டு, ஸ்பானரை எடுத்து எல்லாவற்றையும் இறுக்கிப் பார்த்திருக்கிறார். ஒன்றிலும் குறையில்லை. ஆனாலும் அழிக்கமாட்டேன், வைத்தவர் வரட்டும் என்றுவிட்டார். சாமிக்கு வைத்தாலும் சிவப்பு சிவப்புத்தானாம். முதலாளி வந்து கத்தினார். கிழவர் காதிலிருந்த சோக்கை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் செருகிக்கொண்டார். முதலாளியே அவரிடம்தான் தொழில் பழகியவராம்.

மாமா போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா வந்து பார்த்தார். கிழவர் சுத்தமான துணியொன்றை மரியாதையாக நீட்டினார்.

"கட்டின பொம்பிளை குங்குமத்தைத் தன்ரை கையாலை அழிக்கிறதோ?" என்றார் அம்மா. "ஏலாது தம்பி. வேற என்ன எண்டாலும் கேள்."

மாமா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். ஆகவே கிழவர் என்னிடம் கேட்டார், அம்மா என்ன சொல்கிறார் என்று. எனக்குத் தெரிந்தபடி மொழிபெயர்த்தேன்: அழித்தால் அப்பா செத்துப்போவார். கிழவரின் முகம் மாறிவிட்டது. துணியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். அப்படியென்றால் அழிக்கவே கூடாது, ஒரு ராட்டினத்துக்காக ஒரு மனிதன் சாகத் தேவையில்லை என்றார். இப்போது கிழவரும் அம்மாவின் பக்கம்.

வேலை முடிந்து சமையல் உடுப்போடு அப்பா வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அப்ப என்னைக் கொண்டுதான் மச்சான் உன்ரை ராட்டினம் ஓட வேணுமோ?" என்று சிரித்தார். கிழவர் வந்து அப்பாவின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். அப்பாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. பஞ்சு மிட்டாய் ஒன்று வாங்கித் தின்னத் தொடங்கினார்.

வெயில் சாயாமல் அப்படியே நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வரிசையைவிட்டு வேறு ராட்டினங்களுக்குப் போனார்கள். மாமா கண்ணாடிப் பெட்டிக்குள் போவார், வெளியே வருவார். ஒரு கதிரையைத் தள்ளிவிட்டு அது ஆடி நிற்கும்வரை பார்ப்பார். பிறகு அடுத்ததைத் தள்ளுவார். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேலிக்கு அருகில் ஒரு பெட்டியில் இருந்தார். வீட்டுக்குப் போகவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

கடைசியில் மாமா அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு கொஞ்சம் சிரித்தார். என்ன பகிடி என்று எனக்குப் பிடிபடவில்லை. பார்வையை ராட்டினத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"அக்கா, திங்கட்கிழமை நான் வேலைக்குப் போறன்."

"எங்கையோ பாத்துக்கொண்டு சொல்லாதை," என்றார் அம்மா. "என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு."

மாமா ராட்டினத்திலிருந்து கண்ணை எடுத்தார். "போறன் அக்கா. இவையோடை போகேல்லை. துடையுங்கோ."

அம்மா எழும்பினார். கிழவர் தடுக்கப் பார்த்தார், அம்மா நிற்கவில்லை. துணியும் வாங்கவில்லை. குனிந்து, வெறும் கையால், ஒவ்வொரு போல்டாக அழித்துக்கொண்டு சுற்றி வந்தார். அவ்வளவு நேரம் ஏலாது என்றவர் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கிழவரும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா பஞ்சு மிட்டாயின் குச்சியை நக்கிக்கொண்டிருந்தார்.

ராட்டினம் ஓடத் தொடங்கியது. மாமா என்னை ஏற்றி, என் இடுப்புச் சங்கிலியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். மற்றவர்களுக்கு ஓட்டுவதைவிட நீளமாக ஓட்டினார். மேலேயிருந்து அம்மா சின்னதாகத் தெரிந்தார். சிவந்த கையைச் சேலையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்து நானும் காட்டினேன்.

ஞாயிறு மாலை லொறிகள் போயின. மாமா பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா பையை வாங்கி அவிழ்த்து, சேர்ட்டுகளை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி அலுமாரியில் தொங்கவிட்டார். மாமா பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை வேலைக்குப் போனார். முதியவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கூட்டிப்போகும் வேலை. நடைபாதை முடியும் இடத்தில் அவர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்புவது கிழவிகளுக்கு நல்ல விருப்பம் என்று அப்பா வந்து சொல்லுவார்.

அம்மா செய்த கூத்தை எங்கள் ஆட்களெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். கோயிலில் கண்டால், ராட்டினத்துக்குப் பொட்டு வைத்த அக்கா என்பார்கள். பக்தி முற்றிய அப்பாவி மனிசி என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சம்பலால் மாமா புள்ளி வைத்துக் காட்டிய அந்த நாளில், அடுப்படியில் நின்ற அம்மா திரும்பாமலே ஒன்று கேட்டார். அது எனக்கு ஞாபகம் வர எத்தனையோ வருடம் எடுத்தது.

"புள்ளி வைச்ச ஆள் வந்து அழிக்காட்டி?"

"அழிக்காட்டி ஓடாது அக்கா," என்றார் மாமா, வாய் நிறையத் தோசையோடு. "ராசா வந்து சொன்னாலும் ஓடாது."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார்.

அந்தக் கோடையில்தான் மாமா இருந்து தேநீர் குடிக்கத் தொடங்கினார். வேலையால் வந்து குசினி மேசையில் இருப்பார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தேநீர் ஆறி ஆடை படியும்வரை அசையாமல் இருப்பார். காலும் ஆடாது. மாமாவுக்கு எங்கள் வீடு பிடித்துவிட்டது என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.