கழுத்தில் விழுந்த வெள்ளைக்கோடு

திரையில் அவள் வரைந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குக் குறுக்கே மறுபடியும் வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. அருணாதேவி லேப்டாப்பைத் திட்டவில்லை. திட்டித் திட்டி ஓய்ந்துபோயிருந்தாள்.

ஆமத்தூரில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொடுப்பவள் அவள். சிவகாசியில் பலவேசம் அண்ணாச்சியின் அச்சகத்தில் பல வருஷம் உழைத்துவிட்டு, போன வருஷம்தான் தனியாகத் தொழில் செய்யக் கிளம்பினாள். அண்ணாச்சி கோபப்படவில்லை, சிரித்தார். "ஒன் நாற்காலி அங்கனயேதான் கெடக்கும்மா. சீசனுக்குள்ள வந்துருவ" என்றார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

லேப்டாப்போ அரதப்பழசு. அவள் வரைந்ததெல்லாம் அதிலுள்ள பழைய மென்பொருளில்தான் திறக்கும். இப்போது சேமிக்கும்போதெல்லாம் படம் கெடுகிறது. ஒட்டகச்சிவிங்கி போட்ட இந்தப் புஸ்வாண லேபிள் ஆர்டர் கைநழுவினால் அண்ணாச்சியின் நாற்காலிதான் கதி.

சிவகாசியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஊர்க்காவலன் சோதித்துப் பார்த்தான். "மெமரி கெட்டுப்போச்சுக்கா. கழட்டி மாத்துறதுன்னா அஞ்சு நிமிச வேலை. இது போர்டோட சேத்துப் பத்தவச்சு வந்தது. சூடு காட்டி எடுத்தா போர்டே போனாலும் போயிரும். புதுசு வாங்கிருங்க."

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கண் திரையை விட்டு நகரவில்லை. அங்கே ஒரே ஓர் இடத்தில்தான் கோளாறைக் காட்டும் சிவப்பு வரிகள்.

"மத்த எடமெல்லாம்?"

"நல்லாத்தான் இருக்கு."

அச்சகத்தில் மெஷினின் ரப்பர் ஷீட் ஓரிடத்தில் நசுங்கினால், சீசன் நேரத்தில் யார் மெஷினை நிறுத்துவார்கள்? தாளில் வெட்டி எறியும் ஓரத்தில் அந்த நசுங்கல் விழும்படி லேபிளை நகர்த்தி வைப்பாள். எத்தனையோ தடவை செய்த வேலை.

"அந்த எடத்துல மட்டும் எதையும் வைக்காதன்னு இதுகிட்ட சொல்ல முடியாதாப்பா?"

ஊர்க்காவலன் தலையைச் சொறிந்தான். "சொல்லலாம்க்கா. இந்தப் பழசுக்கு யாரு அம்புட்டு மெனக்கெடுவாகன்னு விட்டுட்டேன்."

கெட்ட பகுதியைத் தொடாதே என்று கணினிக்குள் கட்டளை எழுதி, அணைத்து மறுபடி போட்டான். "நாளைக்கு வேற எடமும் போகலாம். எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சுக்கோங்க."

"சீசன் தாண்டட்டும். புதுசே வாங்கிருதேன்."

அங்கேயே உட்கார்ந்து கழுத்தைச் சரிசெய்தாள். சேமித்தாள், மூடினாள், பயந்து பயந்து திறந்தாள். கழுத்து முழுசாக நின்றது. அவளுக்கு விசிலடிக்கத் தோன்றியது. அதற்குப் பதில் போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, அந்த நாற்காலியில வேற ஆள உக்கார வைங்க. லேபிள் முடிஞ்சிருச்சு."

மறுமுனையில் அண்ணாச்சி குரலை இறக்கி, "சரிம்மா, அச்சடிக்க எங்க குடுக்கப்போற? நம்மகிட்டயே குடுத்துரேன்" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள் அருணாதேவி.