கனடாவில் தோற்ற பந்தயம்

அபுதாபியின் முசஃபாவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த முத்திருளப்பன், தன்னிடம் வேலை பார்த்த கிளிட்டஸுக்கு ஐந்நூறு திர்ஹம் கடன்பட்டிருந்தார். அது பந்தயத்தில் தோற்ற பணம்.

கிளிட்டஸின் தங்கை ஷாஜினி அப்போது கனடாவில் நர்ஸ். அவளிருந்த சிற்றூரில், ஆஸ்பத்திரி கட்ட வரியை ஏற்றலாமா என்று மக்களிடமே ஓட்டெடுப்பு வைத்தார்கள்.

“எவன்டா தன் தலையில தானே வரியப் போட்டுக்குவான்? கைநாட்டா வந்து முதலாளியானவன் சொல்றேன், ஊரே வேண்டாம்னுதான் குத்தும். ஐந்நூறு பந்தயம்!” என்றார் முத்திருளப்பன்.

“அண்ணாச்சி, அந்த நாட்டு ஓட்டு எந்தப் பக்கம் சாயும்னு பேப்பர்காரனுக்கே தெரியாது. சரி, பாத்துருவோம்” என்றான் கிளிட்டஸ்.

அந்த ஊரோ வரி வேண்டும் என்று ஓட்டுப் போட்டது. முத்திருளப்பன் மறந்தவர்போல மாதக்கணக்கில் நடந்துகொண்டார். கிளிட்டஸும் கேட்கவில்லை.

ஒருநாள் முத்திருளப்பன் பட்டறை வாசலில் கால் வைத்தபோது உள்ளே வெல்டர் ராமையாவின் குரல் கேட்டது. “கனடாக்காரன் வரியவே வலியக் குடுக்கான். நம்ம மொதலாளி தோத்த காசைக் குடுக்க மாட்டேங்காரு!”

எல்லோரும் சிரித்தார்கள். “சும்மா கெடலே. அவருக்கு என்ன நெருக்கடியோ” என்றான் கிளிட்டஸ்.

கேலியைத் தாங்கியிருப்பார், அந்தப் பரிவில்தான் கூசிக் குறுகிப்போனார். தலை நிமிராமல் உள்ளே போய், அத்தனை பேரும் பார்க்க, கிளிட்டஸின் விரித்த கையில் நூறு நூறாக ஐந்து நோட்டுகளை எண்ணி வைத்தார்.